மூன்று ஆண்டுகளாக எட்டாத மகுடம்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தென்கிழக்குக் கூட்டமைப்பின் பலம் உண்மையா, பழைய புகழா?

கடந்த ஜனவரி 19-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஹார்ட் ராக் அரங்கில் கல்லூரிக் கால்பந்தின் தேசிய இறுதிப் போட்டி நடைபெற்றது. இண்டியானா பல்கலைக்கழக அணி 27-21 என்ற புள்ளிக் கணக்கில் மயாமி அணியை வீழ்த்தி, தன் வரலாற்றில் முதன்முறையாகத் தேசியப் பட்டத்தை வென்றது. ஒரு தோல்விகூட இல்லாமல் 16 வெற்றிகளுடன் அந்த அணி பருவத்தை நிறைவு செய்தது. 2023-இல் இதே அணி பெற்றிருந்தது 3 வெற்றிகள், 9 தோல்விகள் மட்டுமே.

இண்டியானாவின் எழுச்சி கொண்டாடப்பட்டு வரும் வேளையில், அதே இரவில் பதிவான மற்றொரு உண்மை அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெரும் விவாதத்தைக் கிளப்பியுள்ளது. கல்லூரிக் கால்பந்தின் அசைக்க முடியாத வல்லரசாகக் கருதப்பட்ட தென்கிழக்குக் கூட்டமைப்பிலிருந்து (எஸ்.இ.சி.) ஓர் அணிகூட இறுதிப் போட்டிக்கு வரவில்லை. இது தொடர்ந்து மூன்றாவது பருவம். அந்த மூன்று பருவங்களிலும் பட்டம் வென்றவை மிச்சிகன், ஓஹையோ ஸ்டேட், இண்டியானா ஆகிய மூன்று வெவ்வேறு அணிகள். மூன்றும் போட்டிக் கூட்டமைப்பான 'பிக் டென்'-ஐச் சேர்ந்தவை.

எஸ்.இ.சி. வலுவிழந்துவிட்டதா? அல்லது அதன் உச்சி மட்டும் சற்றுத் தாழ்ந்து, அடித்தளம் அப்படியே இருக்கிறதா? 2026 பருவத்தில் அதன் நிலை என்னவாக இருக்கும்? ரசிகர்களின் பெருமையோடு இக்கேள்விகள் முடிந்துவிடுவதில்லை. யார் பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்வது, கோடிக்கணக்கான டாலர் யாருக்குப் போவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது 'எந்தக் கூட்டமைப்பு பலமானது' என்ற கணிப்புதான்.

கூட்டமைப்பு என்பது என்ன?

இங்கு கால்பந்து என்று குறிப்பிடப்படுவது, நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அந்நாட்டில் இவ்விளையாட்டின் முதல் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் ஆடுகின்றன. ஒவ்வொரு அணிக்கும் வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள் மட்டுமே. எல்லோரும் எல்லோரோடும் மோதுவது இயலாத காரியம். எனவே பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்புகளாக இணைந்து, பெரும்பாலான ஆட்டங்களைத் தங்களுக்குள்ளேயே ஆடுகின்றன.

எஸ்.இ.சி. 1932-இல் உருவானது. அலபாமா, ஜார்ஜியா, புளோரிடா, டென்னசி, எல்.எஸ்.யு. போன்ற தென்மாநில அணிகள் அதன் முதுகெலும்பு. 2024 ஜூலையில் டெக்சாஸ், ஓக்லஹோமா ஆகிய இரண்டும் சேர்ந்ததால் உறுப்பினர் எண்ணிக்கை 16 ஆனது. பிக் டென் அதைவிடப் பழையது. பெயரில் பத்து இருந்தாலும், அதே ஆண்டில் மேற்குக் கடற்கரையின் நான்கு அணிகள் இணைந்தபின் அதில் 18 அணிகள் உள்ளன. இவற்றோடு ஏ.சி.சி., பிக் 12 ஆகியவையும் பெரிய கூட்டமைப்புகளாகக் கருதப்படுகின்றன.

பருவ இறுதியில் ஒரு தேர்வுக் குழு கூடி, 12 அணிகளைப் பிளே-ஆஃப் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கிறது. சில இடங்கள் கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு உரியவை. மீதமுள்ளவை குழுவின் மதிப்பீட்டைப் பொறுத்தவை. ஐ.பி.எல். போல ஒரே புள்ளிப் பட்டியல் இங்கு இல்லை. ஓர் அணியின் 10 வெற்றிகளும் மற்றோர் அணியின் 10 வெற்றிகளும் ஒன்றா என்பதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். ரஞ்சிக் கோப்பையின் எலைட் பிரிவில் நான்கு வெற்றி பெற்ற அணியையும் பிளேட் பிரிவில் ஐந்து வெற்றி பெற்ற அணியையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கச் சொன்னால் எழும் குழப்பத்துக்கு இது ஒப்பானது. கூட்டமைப்பின் பலம் பற்றிய கேள்வி முக்கியத்துவம் பெறுவது இந்த இடத்தில்தான்.

பதினேழில் பதின்மூன்று

எஸ்.இ.சி.யின் புகழ் வெறும் விளம்பரத்தால் வந்ததன்று. 2006 முதல் 2012 வரை தொடர்ச்சியாக ஏழு தேசியப் பட்டங்களை அதன் அணிகள் வென்றன. புளோரிடா, எல்.எஸ்.யு., அலபாமா, ஆபர்ன் என நான்கு வெவ்வேறு அணிகள் அந்த ஏழு பட்டங்களைப் பகிர்ந்துகொண்டன. 2006 முதல் 2022 வரையிலான 17 பருவங்களைக் கணக்கிட்டால் 13 பட்டங்கள் இக்கூட்டமைப்புக்கே கிடைத்தன. 2011, 2017, 2021 பருவங்களில் இறுதிப் போட்டியில் மோதிய இரு அணிகளுமே எஸ்.இ.சி. அணிகள். 2022 பருவத்தின் இறுதிப் போட்டியில் ஜார்ஜியா 65-7 என்ற கணக்கில் டி.சி.யு. அணியை நொறுக்கியது.

இந்த வரலாறு ஒரு நம்பிக்கையை ஆழமாக விதைத்தது: எஸ்.இ.சி.யில் தோற்பதுகூட வேறிடத்தில் வெல்வதற்குச் சமம் என்பதே அது. சிக்கலும் அந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது.

வட்டத்துக்குள் சுழலும் வாதம்

கடந்த பருவம் வரை எஸ்.இ.சி. அணி ஒவ்வொன்றும் 12 ஆட்டங்களில் எட்டைத் தன் கூட்டமைப்புக்குள்ளேயே ஆடியது. மீதி நான்கில் பெரும்பாலானவை சிறிய அணிகளுக்கு எதிரானவை. அதாவது, பிற பெரிய கூட்டமைப்புகளோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஆட்டங்கள் ஓர் அணிக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான்.

இச்சூழலில் ஒரு வட்ட வாதம் உருவாகிறது. பருவத் தொடக்கத்தில், பழைய புகழின் அடிப்படையில் ஒரே கூட்டமைப்பின் ஏழெட்டு அணிகள் தரவரிசையில் இடம் பெறுகின்றன. அவற்றுள் ஒன்று மற்றொன்றிடம் தோற்றால், 'வலுவான எதிராளியிடம் தோற்றது' என்று அத்தோல்வி மன்னிக்கப்படுகிறது. வென்ற அணியோ, 'தரவரிசை அணியை வென்றது' என்று மேலும் உயர்கிறது. அந்த எதிராளி வலுவானதுதான் என்பதற்குச் சான்று என்ன? அதுவும் அதே கூட்டமைப்பில் சில ஆட்டங்களை வென்றிருப்பதே.

2024 அக்டோபரில் வாண்டர்பில்ட் அணி, அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. பல்லாண்டுகளாகக் கூட்டமைப்பின் கடைசி வரிசையில் இருந்த அணி அது. 'இங்கு கடைசி அணிகூட முதல் அணியை வெல்லும், அத்தனை ஆழம்' என்று இதற்கு விளக்கம் தரலாம். 'முதல் அணி நினைத்த அளவுக்கு வலுவானதன்று' என்றும் சொல்லலாம். அந்த ஒற்றை முடிவை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டில் எது சரி என்று சொல்ல எவராலும் இயலாது.

கூட்டமைப்புக்குள்ளும் அளவுகோல் சமமாக இல்லை. 2025-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி தொடர்ந்து 11 வெற்றிகளுடன் தொடங்கியது. ஆனால் அதன் அட்டவணையில் ஜார்ஜியா, அலபாமா, ஓல் மிஸ், ஓக்லஹோமா, வாண்டர்பில்ட் ஆகிய முன்னணி அணிகளில் ஒன்றுகூட இல்லை. கடைசி ஆட்டத்தில் டெக்சாஸிடம் 27-17 என்று தோற்ற அந்த அணி, பிளே-ஆஃப் முதல் சுற்றில் சொந்த மண்ணிலேயே மயாமியிடம் 10-3 என்று வீழ்ந்தது. அதே கூட்டமைப்பில், அதே எட்டு ஆட்டங்களை ஆடிய இரு அணிகளின் பாதைகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு இது சான்று.

வெளியில் ஆடிய ஆட்டங்கள் சொல்வது

வட்டத்தை உடைக்க ஒரே வழி, கூட்டமைப்பின் எல்லையைத் தாண்டி நடந்த ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதுதான். 12 அணிகள் கொண்ட பிளே-ஆஃப் முறை 2024-இல் அறிமுகமான பிறகு, அதற்கான வாய்ப்பு சற்று அதிகரித்துள்ளது.

2024-இல் எஸ்.இ.சி.யிலிருந்து டெக்சாஸ், ஜார்ஜியா, டென்னசி ஆகிய மூன்று அணிகள் தேர்வாயின. டெக்சாஸ் அணி கிளெம்சன், அரிசோனா ஸ்டேட் ஆகியவற்றை வென்றபின் அரையிறுதியில் ஓஹையோ ஸ்டேட்டிடம் 28-14 என்று தோற்றது. டென்னசியும் அதே ஓஹையோ ஸ்டேட்டிடம் 42-17 என்று வீழ்ந்தது. ஜார்ஜியாவை நோட்டர் டேம் 23-10 என்று வெளியேற்றியது.

2025-இல் ஐந்து எஸ்.இ.சி. அணிகள் உள்ளே வந்தன. மொத்தப் பன்னிரண்டு இடங்களில் இது கிட்டத்தட்டப் பாதி. ஆயினும் அவற்றுள் சில தமக்குள்ளேயே மோதின: அலபாமா ஓக்லஹோமாவை 34-24 என்றும், ஓல் மிஸ் ஜார்ஜியாவை 39-34 என்றும் வென்றன. இவ்விரு முடிவுகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது நான்கு ஆட்டங்கள். ஓல் மிஸ், சிறிய கூட்டமைப்பிலிருந்து வந்த துலேனை 41-10 என்று வென்றது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் மயாமியிடம் தோற்றது. அரையிறுதியில் ஓல் மிஸ் அதே மயாமியிடம் 31-27 என்று தோற்றது. அலபாமாவை ரோஸ் பவுல் ஆட்டத்தில் இண்டியானா 38-3 என்று துவம்சம் செய்தது.

இரு ஆண்டுகளையும் கூட்டினால், பிளே-ஆஃப் சுற்றில் பிற அணிகளுக்கு எதிராக எஸ்.இ.சி. ஆடியது 9 ஆட்டங்கள், வென்றது 3. இதே கணக்கை பிக் டென்னுக்குப் போட்டால் 12 ஆட்டங்களில் 9 வெற்றிகள். இரு கூட்டமைப்புகளும் நேருக்கு நேர் மோதியவற்றை மட்டும் பார்த்தால், 2024 ஜனவரியில் மிச்சிகன் அலபாமாவை 27-20 என்று வென்றதிலிருந்து நான்கு ஆட்டங்கள்; நான்கிலும் பிக் டென்னே வென்றது.

எனினும் எச்சரிக்கை தேவை. ஒன்பது ஆட்டங்கள் என்பது சிறிய எண்ணிக்கை. ஓல் மிஸ்–மயாமி ஆட்டம் நான்கே புள்ளி இடைவெளியில் முடிந்தது. மேலும் பிக் டென்னின் வெற்றிகள் பெரும்பாலும் ஓஹையோ ஸ்டேட், இண்டியானா, ஒரேகான், மிச்சிகன் போன்ற சில அணிகளின் சாதனை. அது கூட்டமைப்பு முழுவதற்கும் உரிய பலமா என்பது வேறு கேள்வி.

உச்சியும் ஆழமும் வெவ்வேறு

'எந்தக் கூட்டமைப்பு பலமானது' என்ற ஒற்றைக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் மறைந்திருக்கின்றன. ஒன்று, அதன் தலைசிறந்த அணி எவ்வளவு சிறந்தது? மற்றொன்று, அதன் எட்டாவது, பத்தாவது அணி எவ்வளவு சிறந்தது? பட்டங்கள் முதல் கேள்விக்கு விடை தருகின்றன. இரண்டாவதற்கு வேறு சான்றுகள் தேவை.

அத்தகைய சான்றுகளுள் ஒன்று, தொழில்முறை என்.எஃப்.எல். லீக்கின் வீரர் தேர்வு. 2025 ஏப்ரலில் நடந்த தேர்வில் 79 எஸ்.இ.சி. வீரர்கள் எடுக்கப்பட்டனர். ஒரே கூட்டமைப்பிலிருந்து ஓராண்டில் தேர்வானோரில் இதுவே அதிகபட்சம். பிக் டென்னின் எண்ணிக்கை 71. அணி ஒன்றுக்குச் சராசரியாகப் பிரித்தால் எஸ்.இ.சி.க்குக் கிட்டத்தட்ட ஐந்து வீரர்கள், பிக் டென்னுக்கு நான்கு. ஆதாய நோக்கம் மட்டுமே கொண்ட தொழில்முறை அணிகள் புகழுக்காக வீரர்களை எடுப்பதில்லை. எனவே திறமையின் மொத்த அளவில் தென்மாநிலங்கள் இன்றும் முன்னணியில் இருப்பது தெளிவு.

நடுத்தர அணிகளின் ஆட்டங்களில் கலவையான படமே கிடைக்கிறது. 2025-இல் மிச்சிகன் அணியை ஓக்லஹோமா 24-13 என்றும், பின்னர் டெக்சாஸ் 41-27 என்றும் வென்றன. மறுபுறம், ஐயோவா 34-27 என்று வாண்டர்பில்ட்டையும், இல்லினாய் 30-28 என்று டென்னசியையும் வீழ்த்தின. பிக் டென்னின் அடிவாரமோ பலவீனமானது. பர்டூ அணி கடந்த பருவத்தில் தன் கூட்டமைப்புக்குள் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு இதுதான்: எஸ்.இ.சி. இன்றும் ஆழமான கூட்டமைப்பு. ஆனால் நாட்டின் தலைசிறந்த அணி இப்போது அங்கு இல்லை. முன்பு இவ்விரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால் வேறுபாடு தெரியவில்லை.

மாற்றம் எங்கிருந்து வந்தது?

காரணங்களுள் மிக முக்கியமானவை களத்துக்கு வெளியே நிகழ்ந்தவை. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தி வருமானம் ஈட்டலாம் என்ற அனுமதி வந்தது. அதே ஆண்டில், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தளர்ந்தது; பிறகு அது முற்றிலுமே நீங்கியது. 2025 ஜூனில் கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத் தீர்வின்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வருவாயிலிருந்து ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே பகிர்ந்தளிக்கலாம்.

இதன் விளைவு எளிதில் புரியக்கூடியது. அலபாமா, ஜார்ஜியா போன்ற அணிகளின் பழைய பலம் அவற்றின் பதினொரு வீரர்களில் மட்டும் இருக்கவில்லை. வேறெந்த அணியிலும் முதன்மை வீரராக ஆடக்கூடியவர்களை மாற்று வரிசையில் அமர்த்தி வைத்திருந்ததில் இருந்தது. இன்று அந்த இளைஞர் இரண்டு ஆண்டுகள் இருக்கையில் காத்திருக்க வேண்டியதில்லை. வேறிடத்தில் ஆடும் வாய்ப்பும் ஊதியமும் கிடைக்கின்றன. சேமித்து வைக்கப்பட்ட திறமை நாடெங்கும் பரவத் தொடங்கிவிட்டது.

இண்டியானாவின் கதை இதற்கு நேரடி எடுத்துக்காட்டு. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து 2024 பருவத்துக்காக அங்கு வந்தவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்த குவார்ட்டர்பேக் பெர்னாண்டோ மெண்டோசா, நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றார். பணம் மட்டுமே இதைச் சாதித்தது என்பது தவறு; பணம் கதவைத் திறந்தது, சரியான வீரர்களை இனங்கண்டது பயிற்சியாளரின் கூர்மை. ஆனால் 2015-இல் அந்தக் கதவே இருந்திருக்காது.

அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டங்களை ஈட்டித் தந்த பயிற்சியாளர் நிக் சபான் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றதும் இக்காலகட்டத்தில்தான். ஒரு மனிதரின் விலகலும் விதிகளின் மாற்றமும் ஒருசேர நிகழ்ந்ததால், எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

2026: ஒன்பதாவது ஆட்டத்தின் கணக்கு

வரவிருக்கும் பருவத்தின் மிகப் பெரிய மாற்றம், எஸ்.இ.சி. தன் உள் ஆட்டங்களை எட்டிலிருந்து ஒன்பதாக உயர்த்துவது. ஒவ்வோர் அணிக்கும் மூன்று நிரந்தர எதிராளிகள். மற்ற ஆறு இடங்கள் சுழற்சி முறையில் நிரப்பப்படும். இதனால் ஈராண்டுக்கு ஒருமுறையேனும் எல்லா அணிகளும் ஒன்றையொன்று சந்திக்கும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்குக் கடந்த ஆண்டு வாய்த்ததுபோன்ற எளிய பாதைகள் குறையும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 16 அணிகள் தலா எட்டு ஆட்டங்கள் ஆடியபோது மொத்தம் 64 உள் ஆட்டங்கள். ஒன்பது ஆட்டங்கள் என்றால் 72. கூடுதலான எட்டு ஆட்டங்களில் எட்டு எஸ்.இ.சி. அணிகள் தோற்றே ஆக வேண்டும். முன்பு அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறிய அணிக்கு எதிரான உறுதியான வெற்றி இருந்தது. 2025-இல் ஜார்ஜியா, டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஓல் மிஸ், அலபாமா, ஓக்லஹோமா, வாண்டர்பில்ட் என ஆறு அணிகள் வழக்கமான பருவத்தில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றன. அந்த எண்ணிக்கை 2026-இல் குறைவதற்கே வாய்ப்பு அதிகம். 9 வெற்றி, 3 தோல்வியுடன் நிற்கும் அணிகள் பெருகும்.

அத்தகைய அணியைத் தேர்வுக் குழு எப்படி மதிப்பிடும் என்பதே அடுத்த டிசம்பரின் மையக் கேள்வி. கடந்த ஆண்டு டெக்சாஸ் 9-3 என்ற நிலையில் வெளியே நிறுத்தப்பட்டது. பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஓஹையோ ஸ்டேட்டின் மண்ணுக்கே சென்று 14-7 என்று தோற்றதற்காகத் தண்டிக்கப்பட்டதாக அதன் ஆதரவாளர்கள் கருதுகின்றனர். ஆனால் அதே அணி, பருவத்தை 4-8 என்று முடித்த புளோரிடாவிடம் 29-21 என்று தோற்றதும் உண்மை. அந்தத் தோல்வி இல்லாதிருந்தால் விவாதமே எழுந்திராது. அதேவேளையில், கூட்டமைப்பு இறுதிப் போட்டியில் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்று, மூன்று தோல்விகளுடன் நின்ற அலபாமா உள்ளே சென்றது. 10-2 என்று முடித்த நோட்டர் டேம் வெளியே நின்றது. அலபாமாவின் முதல் தோல்வியோ, பருவத்தை 5-7 என்று முடித்த புளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 என்று பெற்றது. இந்த முடிவுகளுக்குப் பின்னால் ஒரே சீரான விதி இருப்பதாக ரசிகர்களை நம்பவைப்பது எளிதன்று.

ஆறு புதிய பயிற்சியாளர்கள்

அடுத்த பருவத்தின் கணிப்பைக் கடினமாக்கும் மற்றொரு காரணி, பயிற்சியாளர் மாற்றம். எல்.எஸ்.யு., ஓல் மிஸ், புளோரிடா, ஆபர்ன், ஆர்கன்சா, கென்டக்கி ஆகிய ஆறு அணிகள் புதிய தலைமைப் பயிற்சியாளருடன் 2026-ஐத் தொடங்குகின்றன. பதினாறில் ஆறு என்பது மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். இவற்றுள் ஐந்து அணிகள் தோல்வியால் பயிற்சியாளரை நீக்கியவை. ஓல் மிஸ் மட்டும் விதிவிலக்கு. வெற்றியின் உச்சத்தில் இருந்தபோது, பிளே-ஆஃபுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், லேன் கிஃபின் அதே கூட்டமைப்பைச் சேர்ந்த எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். அவருக்குப் பதில் பொறுப்பேற்ற பீட் கோல்டிங் அணியை அரையிறுதி வரை அழைத்துச் சென்றார்.

முன்னணி அணிகளில் ஜார்ஜியா நிலையாகத் தோன்றுகிறது. கிர்பி ஸ்மார்ட்டின் தலைமை தொடர்கிறது. குவார்ட்டர்பேக் கன்னர் ஸ்டாக்டன் மீண்டும் ஆடுகிறார். டெக்சாஸில் ஆர்ச் மேனிங் இன்னொரு பருவம் தொடர்கிறார். அலபாமா, குவார்ட்டர்பேக் டை சிம்ப்சனைத் தொழில்முறைக் களத்துக்கு இழந்துள்ளது. எதிர்முகாமில் ஓஹையோ ஸ்டேட்டின் ஜூலியன் சாயினும் ஜெரமையா ஸ்மித்தும், ஒரேகானின் டான்டே மூரும் கல்லூரியிலேயே நீடிக்கின்றனர். மெண்டோசாவின் இடத்தை நிரப்ப இண்டியானா, டி.சி.யு.விலிருந்து ஜாஷ் ஹூவரை அழைத்து வந்துள்ளது. ஆக, பிக் டென்னின் உச்சி அடுத்த ஆண்டே சரிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை.

பணயத்தில் இருப்பது என்ன?

பிளே-ஆஃப் ஒளிபரப்புக்காக ஈ.எஸ்.பி.என். நிறுவனம் 2026 முதல் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 130 கோடி டாலர் தரவுள்ளது. அந்த வருவாயில் எஸ்.இ.சி., பிக் டென் ஆகிய இரண்டுக்கும் தலா ஏறத்தாழ 29 சதவீதம். ஏ.சி.சி.க்கும் பிக் 12-க்கும் அதில் பாதியை ஒட்டிய பங்கே கிடைக்கும். சிறிய கூட்டமைப்புகளுக்கு எஞ்சுவது சொற்பம். அதாவது, நேற்றைய பலத்தின் மதிப்பீடு நாளைய வருவாயாக ஏற்கெனவே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிட்டது. அந்த வருவாய் மீண்டும் வீரர்களை ஈர்க்கும். வீரர்கள் மீண்டும் பலத்தைத் தருவார்கள். புகழ் பணத்தையும், பணம் புகழையும் வளர்க்கும் இந்தச் சுழற்சியில், மதிப்பீடு தவறாக இருந்தால் அதைத் திருத்தும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும்.

மறுமுனையில் தனிமனிதர்கள் இருக்கிறார்கள். எல்.எஸ்.யு. கடந்த அக்டோபரில் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 5 கோடி டாலருக்கும் அதிகம். இத்தகைய செலவுகளின் சுமை, வருவாய் ஈட்டாத நீச்சல், தடகளம் போன்ற விளையாட்டுகளின் மீது இறங்குமோ என்ற அச்சம் பல பல்கலைக்கழகங்களில் எழுந்துள்ளது. பயிற்சியாளர் போனால் அவரை நம்பி வந்த 18, 19 வயது மாணவர்கள் மீண்டும் இடம் தேட வேண்டியிருக்கிறது.

செப்டம்பரே முதல் தேர்வு

2026 பிளே-ஆஃபிலும் அணிகளின் எண்ணிக்கை 12-ஆகவே தொடர்கிறது. எஸ்.இ.சி. மீண்டும் நான்கு அல்லது ஐந்து இடங்களைப் பெறும் என்று எதிர்பார்ப்பது நியாயமானதே. அதன் ஆழம் அதற்குப் போதும். ஆனால் இடங்களின் எண்ணிக்கையைப் பலத்தின் சான்றாகக் காட்டுவது இனி எடுபடாது; அது தேர்வுக் குழுவின் கணிப்பே தவிர, களத்தின் தீர்ப்பன்று. 2025-இல் ஐந்து இடங்கள் கிடைத்தும், எல்லைக்கு வெளியே வெல்ல முடிந்தது துலேனை மட்டுமே.

உண்மையான அளவுகோலுக்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் செப்டம்பரில் ஓஹையோ ஸ்டேட் டெக்சாஸின் மண்ணுக்கு வருகிறது. ஓக்லஹோமா மிச்சிகனுக்குச் செல்கிறது. கிளெம்சன் எல்.எஸ்.யு.வையும், புளோரிடா ஸ்டேட் அலபாமாவையும் அவற்றின் சொந்த அரங்குகளில் சந்திக்கின்றன. நான்கில் மூன்று ஆட்டங்கள் எஸ்.இ.சி.யின் மண்ணிலேயே நடக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெற்றிகளை அதற்கேற்பக் குறைத்தும், தோல்விகளை அதற்கேற்பக் கூட்டியும் எடை போடுவதே முறை.

ஒன்பது உள் ஆட்டங்கள் என்றானபின், எஸ்.இ.சி. அணிகள் வெளியில் ஆடும் மொத்த ஆட்டங்கள் 64-லிருந்து 48-ஆகக் குறைகின்றன. ஆண்டுக்கு ஒரு பெரிய அணியுடனாவது மோத வேண்டும் என்று கூட்டமைப்பு விதித்துள்ள கட்டாயம் இங்கு முக்கியமாகிறது. 'கடினமான ஆட்டத்தில் தோற்றால் தண்டனை' என்ற எண்ணம் வலுப்பட்டு, பல்கலைக்கழகங்கள் இத்தகைய மோதல்களைக் கைவிடத் தொடங்கினால், எந்தக் கூட்டமைப்பு வலுவானது என்பதை அறியும் வழியே அடைபட்டுவிடும். பிறகு எஞ்சியிருப்பது பழைய புகழ் மட்டுமே.

தேசிய இறுதிப் போட்டி 2027 ஜனவரி 25-ஆம் தேதி லாஸ் வேகாஸில் நடைபெறவுள்ளது. அங்கு நான்காவது ஆண்டாகவும் ஓர் எஸ்.இ.சி. அணி இல்லாமல் போனால், தேர்வுக் குழுவின் மேசையில் இருக்கும் பழைய அளவுகோலை மாற்றியாக வேண்டும்.